ஓடும்

கண்ணாடிப் பக்கத்தைக் கழற்றச் சொன்னேன்.
"இன்னாக்கா, வெளியவே தெரியுதே எல்லாம்"
என்று சிரித்தான் சுஹைல்.
தோட்டப்பாளையம், டயர் கடைக்கு மேல்மாடி,
மே மாத மத்தியானம்.
ஏறி வந்த படிக்கட்டில்
கைப்பிடிக் கம்பி சுட்டது இன்னும் உள்ளங்கையில்.

கைப்பையிலிருந்து துண்டுச்சீட்டை எடுத்தேன்.
அவன் கையெழுத்து, ஒன்பது வரி,
தொகைக்கு அடியில் இரண்டு கோடு.
அந்தத் தொகைக்கு
நான் இரண்டு வருஷச் சீட்டைப்
பாதியில் தள்ளி எடுத்திருந்தேன்.

பிராசஸர் விசிறிக்கு அடியில், பசைக்கும் அடியில்.
பார்க்க வழியில்லை.
திரையில் அதுவே தன் பெயரைச் சொன்னது.
நம்பி ஒரு டிக்.
ராம், எட்டும் எட்டும். தொட்டு எண்ணினேன்.
கிராபிக்ஸ் கார்டுக்கு
அட்டைப்பெட்டி எண்ணை நான் வாசிக்க
கார்டின் எண்ணை அவன் வாசிக்க
கடைசி நாலு இலக்கம் வரை
ஒரே குரலாய்ப் போய்ச் சேர்ந்தோம்.

"சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டைன்னு
ஊருக்கே பேரு.
பொட்டிய மட்டும் முழுசா கேட்டா எப்படிக்கா?"

"சாமி வந்து எத்தினி வருஷம் ஆவுது.
ஆறு கூட போன மழைக்கு வந்துச்சு"
என்றபடி எட்டாவது டிக்.

ஒன்பதாவது, பவர் சப்ளை.
திரைக்குத் தெரியாத ஒரே பொருள் அது.
தனக்குள் இருக்கும் எல்லாவற்றின் பெயரும் சொல்லும் எந்திரத்துக்குத்
தனக்குச் சோறு போடுவது யார் என்று தெரியாது.
அடியில், தகர மூடிக்குள்,
லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தேன்.
சீட்டில் அறுநூற்றைம்பது வாட்.
உள்ளே நானூற்றைம்பது,
கேள்விப்படாத கம்பெனி.

அவன் சிரிப்பு நின்றது.
"அந்த மால் வரலக்கா. இதுவும் நல்லதுதான்.
ஓடும்."

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் பதினொரு வருஷம்.
லாட்டுக்கு ஒரு ஜோடியை எடுத்து
நடுவில் அறுத்துப் பார்ப்பது என் வேலை.
சிவப்பு டேக் போட்ட சாம்பிளில் என்ன இருந்ததோ
அதுவே எல்லாவற்றிலும் இருக்க வேண்டும்.
மேல்தோலில் யாரும் கைவைக்க மாட்டார்கள்.
வைப்பதெல்லாம் பாதத்துக்கு அடியில்,
லைனிங்குக்கும் அட்டைக்கும் நடுவில்.

ஒரு மார்கழியில் ஆறாயிரம் ஜோடி.
இன்சோல் அட்டை இரண்டு மில்லி இல்லை, ஒன்றரை.
கன்டெய்னர் வாசலில் நின்றது, இன்ஜின் அணைக்காமல்.
மேனேஜர் தயாளமூர்த்தி கேட்டார்:
"ஓடுமா?"
"ஓடும் சார்."
பேனாவும் நல்லபடியாகத்தான் எழுதியது.

புகார் ஏதும் வரவில்லை.
வந்திருந்தால் தேவலை.
பெயர் மட்டும் அட்டைப்பெட்டியில் படித்த ஊரில்
யாரோ ஈரத் தெருவில் நடந்திருப்பார்கள்,
குதிகால் ஏன் வலிக்கிறது என்று தெரியாமல்.

"மாத்திடு" என்றேன்.
"வர்ற வரைக்கும் பொட்டி இங்கயே இருக்கட்டும்."

"ரெண்டு நாள் ஆவும்க்கா."

"ஆவட்டும்."

கொஞ்ச நேரம் தகர மூடியையே பார்த்தான்.
"எங்கக்கா கத்துக்கின, இப்படிப் பாக்க?"
"கம்பெனில."
அதற்கு மேல் அவன் கேட்கவில்லை,
நானும் நீட்டவில்லை.

கண்ணாடியைப் பொருத்தினான். நாலு ஸ்க்ரூ.
ஒன்று உருண்டு மேசைக்கடியில் எங்கோ போனது.
குனிந்து தேடினான், கிடைக்கவில்லை.
பக்கத்தில் டெலிவரிக்கு நின்ற
யாருடையதோ பெட்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி
என்னுடையதில் முடுக்கினான்.

பார்த்தேன்.
அவன் வாய் திறப்பதற்குள்
படியிறங்கிவிட்டேன்.